நோயாளிக்கு முதலில் சொல்லுங்கள்

ஒருவருக்குத் தீராத நோய் வந்திருக்கிறது என்றால், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான். மகனோ, மருமகளோ, நாலு விவரம் தெரிந்த மாமாவோ இல்லை. அவர் கேட்டால் முழுசாகச் சொல்ல வேண்டும். கேட்கத் தயங்கினால், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற தைரியத்தையாவது கொடுக்க வேண்டும். "எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்று அவரே வாய்விட்டுச் சொன்னால் ஒழிய, அவரிடமிருந்து அதை மறைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது படித்து வந்த கொள்கை இல்லை. எங்கள் குடும்பத்தில் நடந்த இரண்டு சாவுகள் கொடுத்த நம்பிக்கை. புத்தகங்களையும் ஆய்வுகளையும் தேடிப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலாவது அம்மா. கணையத்தில் புற்றுநோய். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த புதிது. பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அப்பாவும் பெரியம்மாவும் மாமாவும் நின்று பேசி முடித்துவிட்டார்கள். "அவ தாங்க மாட்டா. வயித்துல புண்ணுன்னே சொல்லிடலாம்" என்றார் மாமா. டாக்டரும் தலையாட்டினார். பிள்ளைகளான எங்களுக்கும் அதுவே உத்தரவானது.

அதன்பிறகு அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை வேலை! ஃபைல் அட்டையில் எந்தப் பிரிவு என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. மாமா அதன்மேல் பழைய காலண்டர் தாளை மடித்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது போல அட்டை போட்டார். கீமோவுக்குச் "சத்து ஊசி" என்று பெயரானது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சுவாக்கில் எதையும் கேட்டுவிட வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவைத்தார். டாக்டர் வந்தால் கட்டிலருகே இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் கதவுக்கு வெளியே. வெளியே பேசி முடிக்கும்வரை அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே திரும்பி வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மறைப்பது என்றால் ஒரு தகவலைச் சொல்லாமல் விடுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதற்குக் காவல் வேண்டும். அம்மாவோடு யாரும் அதிக நேரம் தனியாக இருக்கக் கூடாது, ஏதாவது உளறிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திப் பாடம் சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாப் பேச்சும் "சீக்கிரம் சரியாயிடும்" என்ற இடத்தில் போய் முடிந்தாக வேண்டும். அம்மா பலமுறை, "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா..." என்று ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "என்ன பேச்சு இது, வாயக் கழுவு" என்று அடக்கிவிடுவார்கள். அந்த வாக்கியத்தை அவர் ஒருமுறைகூட முடிக்கவில்லை. அதற்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது. வலி முற்றியபோது மார்ஃபின் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெயரைப் பார்த்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிப்போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு வழிமுறை வகுத்துவிட்டது. மருந்தை முடிந்தவரை வாய்வழியாகக் கொடு, வலி வரும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் கொடு, சாதாரண மாத்திரையில் தொடங்கித் தேவைப்பட்டால் மார்ஃபின்வரை படிப்படியாகப் போ என்று அது சொன்னது. அவ்வளவு எளிமையான விஷயம். எங்கள் வீட்டில் பொய்யைக் காப்பாற்றுவது முந்திக்கொண்டது, வலி பின்னால் நின்றது.

அம்மா போன பிறகு, பாக்கியிருந்த காகிதங்களை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இரவு ஷிப்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். "உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்மா. ரொம்ப முன்னாடியே ஒரு ராத்திரி எங்கிட்ட நேராவே கேட்டாங்க. நான் பதில் சொல்லல, ஆனா புரிஞ்சுக்கிட்டாங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா தாங்காதுங்க, எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அதாவது, நாங்கள் அவரிடம் நடித்தோம், அவர் எங்களிடம் நடித்தார். கட்டிலைச் சுற்றி இத்தனை பேர் இருந்தும் அவர் தன் பயத்தோடு தனியாகவே இருந்தார்.

பல வருடம் கழித்துப் படித்தபோதுதான், இதை ஏற்கெனவே கவனித்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி ஆஸ்பத்திரிகளில் சாகும் நிலையில் இருந்தவர்களைச் சுற்றி நடப்பதைப் பார்த்து 1965-ல் எழுதினார்கள். நோயாளிக்கு எதுவும் தெரியாத நிலை, சந்தேகப்படும் நிலை, இரு தரப்புக்கும் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கும் நிலை, வெளிப்படையாகப் பேசும் நிலை என்று நான்காகப் பிரித்தார்கள். மூன்றாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது எங்கள் அம்மாவின் அறை.

குழந்தைகளிடம்கூட மறைக்க முடிவதில்லை. மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1970-களில் ரத்தப் புற்றுநோய் வந்த சின்னக் குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தார். யாரும் சொல்லாமலே தாங்கள் சாகப்போகிறோம் என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அப்பாவுக்காக அவர்களும் தெரியாத மாதிரி இருந்தார்கள். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கே புரிந்தது என்றால், ஒரு குடும்பத்தையே நடத்திய பெண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நம்பியது எப்படி?

எங்கள் வீட்டுப் பெரியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலம் காலமாக மருத்துவமே அப்படித்தான் சொல்லி வந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1847-ல் வெளியிட்ட ஒழுக்க நெறியில், டாக்டரின் செயல் மட்டுமல்ல, அவருடைய சொல்லும் பேசும் விதமும்கூட நோயாளியின் ஆயுளைக் குறைத்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். 1961-ல் டொனால்ட் ஓக்கன் சிகாகோவில் டாக்டர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். அதே கேள்விகளை 1979-ல் வேறொரு குழு அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதையே விரும்பினார்கள். 18 வருடத்தில் ஒரு தொழிலே அப்படியே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. குடும்பங்கள் அந்த வேகத்தில் திரும்பவில்லை.

அதிகாரம் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியவில்லை. அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஏவா பெரோன், தன் நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைக்கப் பாடுபட்டவர். 1951 நவம்பரில் அந்த ஓட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே போட்டவர். அவருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். அவரிடம் அது சொல்லப்படவில்லை. ஆபரேஷன் செய்ய நியூயார்க்கிலிருந்து வந்த ஜார்ஜ் பேக் என்ற நிபுணர், மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் அறைக்குள் வந்தார். தன் உடம்பை அறுத்தவர் யார் என்றுகூடத் தெரியாமல் 1952-ல், 33 வயதில் ஏவா இறந்தார். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோ 1989-ல் இறந்தபோதும் இதே கதைதான், தனக்குப் புற்றுநோய் என்று அவருக்குச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் பேரரசருக்கே தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இரண்டாவது, அத்தை. அப்பாவின் அக்கா. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே எலும்புக்குப் பரவியிருந்தது. இந்த முறை கூடவே இருந்தவள் நான். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார், செல்போனை அணைத்தார், நாற்காலியை இழுத்து அத்தைக்கு நேராக உட்கார்ந்தார். முதல் கேள்வி: "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்கம்மா?" அத்தை, "கட்டின்னு சொன்னாங்க, சாதாரணக் கட்டியா இருக்காதுன்னு நான் நினைச்சேன்" என்றார். அடுத்து டாக்டர், "ஸ்கேன்ல என்ன தெரிஞ்சதுன்னு எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல இவங்ககிட்ட பேசட்டுமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"உடம்பு என்னோடது. எங்கிட்டயே சொல்லுங்க."

இந்தக் கேள்விகளுக்கு ஒரு முறை இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ராபர்ட் பக்மன் என்ற புற்றுநோய் மருத்துவரும் சகாக்களும் 2000-ல் அதை ஆறு படிகளாக எழுதினார்கள். பேசத் தோதான இடம், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்பது, அப்புறம் விஷயத்தைச் சொல்வது, வரும் அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடுப்பது, கடைசியாக அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவது. சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது. எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்வது டாக்டரோ குடும்பமோ இல்லை, நோயாளி.

உண்மை தெரிந்தவுடன் அத்தை சாந்தமாகிவிட்டார் என்றெல்லாம் எழுத மாட்டேன். அன்று ராத்திரி முழுக்க அழுதார். பிறகு கொஞ்ச நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என்மேல் எரிந்து விழுந்தார். நடுராத்திரியில் எழுப்பி, "மூச்சு முட்டித்தான் போவேனா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, காலையில் டாக்டரைக் கேட்போம் என்றேன். காலையில் கேட்டோம். மூச்சுத்திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபின் உதவும், வீட்டிலேயே கொடுக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். அன்று பகலில் அத்தை நெடுநேரம் தூங்கினார். பயத்துக்குப் பதில் கிடைத்தால் தூக்கம் வருகிறது. என் அம்மாவுக்கும் ராத்திரிகளில் இதே கேள்வி வந்திருக்கும்.

அதற்கப்புறம் அத்தை தன் காரியங்களைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். முதல் கட்ட கீமோ முடிந்து ஸ்கேனில் பலன் இல்லை என்று தெரிந்ததும், அடுத்த மருந்தால் எவ்வளவு நாள் கூடும், அந்த நாட்களில் எழுந்து நடக்க முடியுமா என்று டாக்டரை நோண்டி நோண்டிக் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். சித்தப்பாவோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவரை வரவழைத்தார். சமாதானம் ஆகவில்லை, நன்றாகச் சண்டைதான் போட்டார்கள். ஆனால் மனதில் இருந்ததை இரண்டு பேரும் கொட்டித் தீர்த்தார்கள், சித்தப்பா அதன்பின் வாரம் தவறாமல் வந்தார். அத்தை தன் புத்தகங்களை யார் யாருக்கு என்று முதல் பக்கத்தில் பெயர் எழுதி வைத்தார். அவர் சின்ன வயதில் ஒருவரை விரும்பியதும், அது ஏன் நடக்கவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மாவைப் பற்றியும் எனக்குத் தெரியாத பல விஷயங்களைச் சொன்னார். நேரம் குறைவு என்று தெரிந்ததால்தான் அதெல்லாம் வந்தது.

"சொன்னால் நம்பிக்கை போய்விடும், ஆயுசு குறைந்துவிடும்" என்பதுதான் இதற்கு எதிராக எப்போதும் வரும் பேச்சு. அந்தப் பயம் நிஜமானது, அன்பிலிருந்து வருவது. ஆனால் தேடிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. முற்றிய புற்றுநோயோடு இருந்த 332 பேரை அவர்களுடைய இறப்புவரை தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2008-ல் வந்தது. கடைசிக் காலத்தைப் பற்றி டாக்டரோடு பேசியவர்கள், பேசாதவர்களைவிட அதிகமாக மனச்சோர்வில் விழவில்லை. கடைசி வாரத்தில் வென்டிலேட்டர், ஐ.சி.யூ. என்று அலைக்கழிக்கப்பட்டதும் அவர்கள் நடுவில் குறைவு. 2010-ல் பாஸ்டனில், நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 151 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு, வேதனையைத் தணிக்கும் சிகிச்சையையும் ஆரம்பத்திலிருந்தே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். இது உண்மை சொல்வதைச் சோதித்த ஆய்வு இல்லைதான். ஆனால் நோயின் பெயரையே மறைத்து வைத்த வீட்டில் அப்படிப்பட்ட சிகிச்சைக்கு எப்படி வழி பிறக்கும்? எங்கள் வீட்டில் பிறக்கவில்லையே.

நம்பிக்கை போகவும் இல்லை. அத்தையிடம் நான் பார்த்தது, அது இடம் மாறியதைத்தான். முதலில் கட்டி கரைய வேண்டும் என்றிருந்தது. அப்புறம் வலியில்லாமல் இருக்க வேண்டும் என்றானது. அப்புறம், தன் வீட்டில் தன் கட்டிலில் இருக்க வேண்டும் என்றானது. கடைசி இரண்டும் நடந்தன.

தெரிய வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர், "எனக்கு எதுவும் சொல்லாதீங்க டாக்டர், பையன்கிட்ட பேசிக்கோங்க. நான் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார், அப்படியே இருந்தும் போனார். அதுவும் அவர் முடிவு, அவர் உரிமை. மனித உரிமையும் மருத்துவமும் பற்றி ஐரோப்பிய நாடுகள் 1997-ல் செய்துகொண்ட ஒவியேடோ உடன்படிக்கை, தன் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சொன்ன கையோடு, தெரிய வேண்டாம் என்கிறவரின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த நண்பரிடம் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றார். அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை.

சிசிலி சாண்டர்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாகும் நிலையில் இருப்பவர்களுக்கென்று 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கியவர். இன்று உலகமெங்கும் உள்ள இப்படிப்பட்ட இடங்களுக்கு அதுதான் முன்னோடி. அதற்கு வித்திட்டது 1948-ல் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த பேச்சு. வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர், குடும்பம் இல்லாதவர், 40 வயதில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அப்போது ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்த சாண்டர்ஸ் அவரோடு போய்ப் போய்ப் பேசினார். டாஸ்மாவைப் போன்றவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்தே யோசித்தார்கள். டாஸ்மா 500 பவுண்டை விட்டுவிட்டு, உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றார். 19 வருடம் கழித்துக் கட்டடம் எழுந்தது, ஜன்னலும் இருக்கிறது. அவரிடம் "சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி வாயை அடைத்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. சாகப்போகிறவருக்குக் கொடுப்பதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நாம்தான் வாங்கிக்கொள்ள மறுக்கிறோம்.

அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. அத்தை போன கொஞ்ச நாளில், அம்மா விஷயத்தைப் பேச்சில் எடுத்தேன். அவர் மாறவில்லை. "உங்கம்மா பயந்த சுபாவம். சொல்லியிருந்தா அன்னைக்கே விழுந்திருப்பா. அக்கா வேற மாதிரி" என்றார். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்காகத்தான் காட்டிக்கலையோ என்னவோ" என்றார். அதற்குமேல் நான் தோண்டவில்லை. அவரும் அன்று தன் மனைவியை இழந்துகொண்டிருந்தவர்.

"சரிப்பா, உங்களுக்கு வந்தா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சொல்லிடு" என்றார், யோசிக்கவே இல்லை.

இதை நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தனக்கு என்றால் தெரிந்தே ஆக வேண்டும், தன் மனைவிக்கோ அம்மாவுக்கோ என்றால் சொல்லக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே இந்தக் கேள்வியை ஒருவரையொருவர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். வராந்தாவில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் யோசிக்க வராது.

அப்பா சில நிபந்தனைகளும் போட்டார். டாக்டரே சொல்ல வேண்டும். பக்கத்தில் நானும் தம்பியும் இருக்க வேண்டும். சாயந்திரம் வேண்டாம், காலையில் சொன்னால் அன்றைக்கே திரும்பக் கேள்வி கேட்கலாம். எத்தனை மாதம் என்ற கணக்கை மட்டும் அவராகக் கேட்டாலொழிய யாரும் சொல்லக் கூடாது. அவருடைய மாத்திரைகளைக் குறித்து வைத்திருக்கும் டைரியிலேயே இதையும் எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். தம்பிக்கும் ஒரு நகல் அனுப்பியாகிவிட்டது.